இசையைக் கேட்டுப் படம் வரையும் கம்ப்யூட்டர்



ஆர்கெஸ்ட்ரா என்றால் எங்க சிந்தாதிரிப்பேட்டையில் திருவிழா மேடை மெல்லிசைக் குழுதான். பாட்டுக்கு ஏற்ப லைட் மாற்ற ஓரமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். பெரிய சிம்பொனிக்கு இந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்யுமா என்பதுதான் இக்கட்டுரை.

ஆசை பழையது. ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின் 1910இல் முடித்த 'பிரமீதியஸ்' படைப்பில் வண்ண ஒளிக்கென்றே ஒரு தனி வரி எழுதினார். 2014இல் லாஸ் ஏஞ்சலிஸ் வால்ட் டிஸ்னி அரங்கில் இசா-பெக்கா சலோனன் இசை நடத்த, ரெஃபிக் அனடோலின் படங்கள் ஒலியையும் நடத்துனரின் கையசைவையும் பின்பற்றி அந்த நேரத்திலேயே மாறின.

வீடியோ தயாரித்து ஓடவிட்டால் போதாதா? போதாது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. அதையே இன்னொரு நாள் வாசித்தால் வேகம் நொடிக்கு நொடி அப்படியே இருக்காது. படம்தான் இசைக்குப் பின்னால் போக வேண்டும்.

செயல்படும் விதம்

1. மைக்கில் வரும் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக்குகிறோம்.

2. 1965இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட எஃப்.எஃப்.டி. கணக்கு அதை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கிறது.

3. ஆயிரக்கணக்கான படங்களில் பயிற்சி பெற்ற நியூரல் நெட்வொர்க்குக்கு ஒவ்வொரு படமும் ஓர் எண் வரிசைதான். பேஸ் ஒலி ஓர் எண்ணையும், வயலின் வேறோர் எண்ணையும் நகர்த்தினால் படம் உருமாறுகிறது.

சிக்கல் எங்கே?

ஒரு தடவைக்கு 1,024 மாதிரிகள் எடுத்தால் 23 மில்லி செகண்ட்தான் ஆகும். ஆனால் 43 ஹெர்ட்ஸ் இடைவெளியில்தான் பிரிக்க முடியும். டபுள் பேஸின் அடி ஸ்வரமே 41 ஹெர்ட்ஸ். பக்கத்து ஸ்வரங்கள் எல்லாம் ஒரே குவியலாகிவிடும். 4,096 எடுத்தால் இடைவெளி 11 ஹெர்ட்ஸாகக் குறையும். தாமதமோ 93 மில்லி செகண்ட்! அதனால் தாள அடிக்குச் சின்ன அளவு, கீழ் ஸ்வரத்துக்குப் பெரிய அளவு என்று இரண்டையும் சேர்த்தே ஓட்ட வேண்டும்.

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா மைக் செட், லைட் வேலை பார்ப்பவர். இதைச் சொன்னதும் அவர், "பாட்டு தெரிஞ்சா கை முன்னாடியே சுவிட்சுக்குப் போயிடும்பா" என்றார். விஷயமே அதுதான்! கேட்ட பிறகு கணக்குப் போடும் மெஷின் எப்போதும் கொஞ்சம் லேட். வாசிக்கப் போவது எது என்று அதற்கும் தெரிய வேண்டும். இதற்கும் வழி உண்டு. இசைத்தாளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, வாசிப்பு எந்த இடத்தில் போகிறது என்று பின்தொடரும் முறையை 1984இலேயே டானன்பெர்க், வெர்கோ இருவரும் தனித்தனியே காட்டினார்கள். இந்த இரண்டையும் இணைத்தால் படம் இசையோடு சேர்ந்தே வரும்.

எந்த ஒலிக்கு எந்த நிறம், எப்போது இருட்டு என்பதை முடிவு செய்ய மட்டும் ஆள் வேண்டும். மேடையும் பாட்டும் தெரிந்தவருக்கு அங்கே இடம் உண்டு. கற்றுக்கொடுக்கத்தான் நாம் இருக்கிறோமே!

நண்பர்களே, ரிச்சி ஸ்ட்ரீட் மைக் ஒன்று, ஒரு லேப்டாப், இலவசமாகக் கிடைக்கும் 'பியூர் டேட்டா' மென்பொருள் இருந்தால் முதல் இரண்டு படிகளையும் நாமே செய்து பார்க்கலாம். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு யார் கூட வர்றீங்க?