வேலை நேரமும் ஓர் அளவைதான்

நம் பள்ளியில் மஃரிபுக்குப் பிறகு நடக்கும் பாடத்தில் சென்ற மாதம் ‘முதஃப்பிஃபீன்’ என்னும் 83-வது அத்தியாயத்தை எடுத்தோம். பிறரிடமிருந்து அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, தாம் அளந்தோ நிறுத்தோ கொடுக்கும்போது குறைத்துவிடுகிறவர்களை எச்சரித்து அந்த அத்தியாயம் தொடங்குகிறது. பாடம் கேட்க வந்தவர்களில் கடைக்காரர்கள் இரண்டே பேர். மற்றவர்களெல்லாம் துறைமுகத்திற்கும் கன்டெய்னர் யார்டுக்கும் எண்ணூர், திருவொற்றியூர் தொழிற்சாலைகளுக்கும் போகிறவர்கள். “இது தராசு பிடிக்கிறவங்களுக்குச் சொன்னது, ஹஜ்ரத். நமக்கென்ன?” என்று ஓர் இளைஞர் சிரித்துக்கொண்டே கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு அன்றைக்கு நேரம் போதாமல் சொல்ல முடியாததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் ‘முவத்தா’வில் தொழுகை நேரங்களைப் பற்றிய பகுதியில் ஒரு செய்தி வருகிறது. அஸர் தொழுகைக்கு வராத ஒருவரை உமர் (ரலி) அவர்கள் சந்தித்துக் காரணம் கேட்டார்கள். அவர் ஏதோ காரணம் சொன்னார். அளவையில் குறைத்துவிட்டீர் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் பதில் சொன்னார்கள். அதற்கு அவர்கள் எடுத்த சொல், இந்த அத்தியாயத்தின் பெயர் எந்த வேரிலிருந்து பிறந்ததோ அதே வேரிலிருந்து வந்த சொல். எல்லாக் காரியத்திலும் நிறைத்தலும் உண்டு, குறைத்தலும் உண்டு என்ற கருத்தை இமாம் அவர்கள் அதனுடன் சேர்த்துச் சொல்கிறார்கள். தொழுகைக்கே அளவை உண்டென்றால், எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு இல்லாமல் போகுமா?

நமது வடசென்னை, நேரத்தை விற்றுச் சோறு உண்ணும் ஊர். 1856-இல் ராயபுரத்தில் ரயில் நிலையம் வந்தது. துறைமுகம் வந்தது, 1948-க்குப் பிறகு எண்ணூரில் லாரி, 1955-இல் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள், பிறகு டயர், உரம், அனல் மின்சாரம் என்று சங்குச் சத்தத்திற்கு எழுந்து நடக்கும் தெருக்கள் உண்டாயின. கூலி கேட்டுப் போராடிய வரலாறும் இந்தப் பக்கத்திற்கு உண்டு. 1918-இல் பெரம்பூர் மில் தொழிலாளரிடையே சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. 1923 மே முதல் நாளன்று சிங்காரவேலர் இந்நகரில் மே தினம் கொண்டாடினார். இந்தியாவில் அதுவே முதலாவது. உழைத்தவன் கூலி கேட்பதை மார்க்கம் ஒருபோதும் குறையாகச் சொல்லவில்லை. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம்.

மறுமையில் அல்லாஹுத்தஆலா தானே எதிர்வாதியாக நிற்கும் மூவரைப் பற்றிய ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. அவர்களில் ஒருவன், கூலிக்கு ஆளை அமர்த்தி வேலையை நிறைவாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவன். முதலாளிமாருக்கு இதைப் படித்துக் காட்டுவதில் நம் தொழிலாளர்களுக்கு மிகுந்த பிரியம்! படித்துக் காட்டட்டும். ஆனால் ‘வேலையை நிறைவாக வாங்கிக்கொண்டு’ என்ற அம்சம் நடுவில் இருப்பதையும் கவனிக்க வேண்டும். வழக்காடுகிறவன் முதலில் தன் பக்கத்தை நிறைத்திருக்க வேண்டும் அல்லவா?

சட்ட நூல்கள் கூலியாளை இரு வகையாகப் பிரிக்கின்றன. தையற்காரர் பலருக்கும் பொதுவான ஆள். அவர் விற்பது வேலையை. ஒரு குறிப்பிட்ட நேரத்திற்கென்று ஒருவரிடம் அமர்ந்தவர் தனி ஆள். அவர் விற்பது நேரத்தை. மாதச் சம்பளக்காரர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையே. தனி ஆள் அந்த நேரத்தில் வேறொருவருக்கு வேலை செய்யக் கூடாது என்பது ஹனஃபி நூல்களில் தெளிவாக இருக்கிறது. யார்டில் கன்டெய்னர் எண்ணைச் சரிபார்க்க நிற்கிறவர், கையில் செல்போனை வைத்துக்கொண்டு மைத்துனரின் நிலத் தரகை முடிக்கிறார் என்றால், அவர் விற்றுவிட்ட பொருளை மறுபடியும் விற்கிறார்.

தொழுகை விஷயத்திற்கு வருவோம். நம் பகுதியில் ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபினரும் இருக்கிறார்கள். ஒளுச் செய்யவும், பர்ளும் அதன் ராத்திபான சுன்னத்தும் தொழவும் ஆகும் நேரம் கூலி ஒப்பந்தத்திலிருந்து தானாகவே விலக்கப்பட்டது, அதற்காகக் கூலி குறையாது என்பது ஷாஃபிஈ சட்டம். நஃபில் தொழும் நேரம் அப்படியல்ல. ஹனஃபி அறிஞர்கள், தனி ஆள் வேலை நேரத்தில் நஃபில் தொழுவதைத் தடுக்கிறார்கள். ஊருக்குள் வேலை செய்பவரை ஜும்ஆவிலிருந்து முதலாளி தடுக்க முடியாது. ஆனால் பள்ளி தூரமாக இருந்தால் அதற்கான நேரத்தின் கூலியைக் கழித்துக்கொள்ளலாம் என்ற கூற்றும் அவர்களிடம் உண்டு. லுஹருக்கென்று வெளியே வந்து, தொழுதுவிட்டுப் பள்ளித் தூணில் சாய்ந்து முக்கால் மணி நேரம் உறங்குகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களால் அடுத்து வருகிற முஸ்லிம் பையனுக்கு அந்த கேட்டில் தொழுகைக்கு அனுமதி கிடைக்காமல் போகிறது.

பிறரைச் சொல்லுமுன் நம்மைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு மக்தபில் காலைப் பாடம் நடத்தினோம். ஏழு மணிக்குத் தொடங்க வேண்டிய பாடத்தை ஏழேகாலுக்குத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் ஐந்து நிமிடம் தாமதித்தால் மட்டும் வாசலில் நிற்க வைத்தோம். ஒரு நாள் எட்டு வயதுப் பையன், “நாங்க நின்ன பக்கம் நிழல் இருந்துச்சு ஹஜ்ரத், நீங்க வர்றதைப் பார்த்துக்கிட்டே இருந்தோம்” என்றான். அவன் குறையாகச் சொல்லவில்லை. நமக்குத்தான் அன்று பாடம் நடத்த நா எழவில்லை.

மேற்பார்வை பார்க்கும் மேஸ்திரிகளுக்கு வேறொரு சோதனை. அவர்களில் சிலர் உண்மையாகவே கடுமையாக உழைக்கிறவர்கள். தாம் பன்னிரண்டு மணி நேரம் நிற்பதால் மற்றவனும் நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள், நிற்காதவனைச் சோம்பேறி என்பார்கள். மூஸா (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். வலிமையும் நம்பிக்கையும் உள்ளவரே வேலைக்கு அமர்த்தச் சிறந்தவர் என்று மத்யனில் அந்தப் பெண்மணி தம் தந்தையிடம் சொன்ன செய்தி 28-வது அத்தியாயத்தில் இருக்கிறது. ஒப்பந்தம் எட்டு ஆண்டுகள். பத்தாக நிறைத்தால் அது மூஸா (அலை) அவர்களின் விருப்பம், சிரமப்படுத்த நாடவில்லை என்று அப்பெரியவரே சொல்லிவிட்டார். நீண்ட தவணையையே அவர்கள் நிறைவேற்றினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். அந்த இரண்டு ஆண்டுகள் மனமுவந்து கொடுத்தவை. கேட்டு வாங்கியவை அல்ல. நீங்கள் உங்கள் பத்தைக் கொடுங்கள். பிறனிடம் அவனுடைய எட்டை மட்டும் கேளுங்கள். இன்று மணலியிலும் எண்ணூரிலும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் ஒப்பந்தக் கூலியாக உழைக்கிறார்கள். மொழி தெரியாததால் அவர்களால் அந்த எட்டைக்கூட எண்ணிச் சொல்ல முடிவதில்லை. பணியாட்கள் உங்கள் சகோதரர்கள், தாங்காத சுமையைத் தராதீர்கள், தந்தால் நீங்களும் கை கொடுங்கள் என்ற கருத்தில் அபூதர் (ரலி) வழியாக வரும் ஹதீஸை மேஸ்திரிகள் மனப்பாடம் செய்யலாம். வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாவிடம், “போகும்போது அப்படியே இதையும்...” என்று தினமும் ஒரு வேலையைச் சேர்க்கும் நம் வீட்டுப் பெண்மணிகளும்தான்.

இனி மாமூல். கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையில் ஒரு கேங் ஒரு ஷிஃப்டில் இவ்வளவு கையாள வேண்டும் என்று ‘டேட்டம்’ வைத்து, அதற்கு மேல் செய்தால் ஊக்கத்தொகை தரும் முறை நம் நாட்டுத் துறைமுகங்களில் இருந்தது. அது நியாயமான ஏற்பாடு. ஆனால் அதற்கும் வெளியே, வேலை தாமதமாகாமல் இருக்கத் தனியாகக் கொடுக்கும் ‘ஸ்பீட் மணி’ என்ற ஒன்றும் பல துறைமுகங்களில் வேரூன்றியது. அதைச் செலவாக ஏற்கலாமா என்று வருமான வரி வழக்குகள் வரை போயிற்று. ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்றார். தாய் தந்தையர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறிக் கண்டித்தார்கள். சம்பளம் வாங்கிய வேலையைச் செய்ய இன்னொரு தொகை வாங்குவது ரிஷ்வத். தன் நியாயமான காரியம் வேறு வழியின்றித் தடைப்படும்போது நிர்ப்பந்தத்தால் கொடுத்தவர் மீது குற்றமில்லை, வாங்கியவர் மீதுதான் என்பது அறிஞர் பலரின் கருத்து.

அன்றைய பாடம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, பணி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். எந்தத் துறைமுகம் என்று நாம் கேட்கவில்லை. “முப்பது வருஷம் வாங்கியிருக்கேன் ஹஜ்ரத். எல்லாரும் வாங்கினாங்க, பங்கு போட்டுக் கையில திணிப்பாங்க. அதை என்ன பண்றது?” என்றார். கொடுத்தவர் யாரென்று தெரிந்தால் அவரிடமோ அவர் வாரிசிடமோ சேர்க்க வேண்டும். தெரியாவிட்டால் நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். தொகை நினைவில் இல்லையென்றால் மனம் இதற்குக் குறையாது என்று உறுதிகொள்ளும் அளவை மதிப்பிட வேண்டும் என்று சட்டத்தைச் சொன்னோம். பென்ஷனில் ஒரே தடவையாக முடியாதே என்றார். மாதாமாதம் கொடுக்கலாம், மீதிக்கு வஸிய்யத் எழுதி வையுங்கள் என்றோம். மறுவாரம் ஒரு நாற்பது பக்க நோட்டுடன் வந்தார். முதல் பக்கத்தில் வருடங்களை வரிசையாக எழுதி, எதிரே தொகைக்கு இடம் விட்டிருந்தார். 1983 வரை நிரப்பியாகிவிட்டது. அதற்கு மேல் எழுதக் கூட வேலை பார்த்தவர் ஒருவரைக் கேட்க வேண்டும், அவர் காசிமேட்டில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு இஷாவுக்கு ஒளுச் செய்யப் போனார்.