பண்ணைக்குப் போறீங்களா? மூணு வாரம் இருங்க

செமஸ்டர் லீவுல ஒரு இயற்கை விவசாயப் பண்ணையில தங்கி வேலை செய்யலாம், அப்படியே நாலு ஊர் சுத்தலாம்னு உங்களுக்கு ஒரு பிளான் இருந்தா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். தேர்ட் இயர் முடிஞ்ச மே மாசம் நான் கரூர் பக்கம் ஒரு பண்ணைக்குப் போனேன். போறதுக்கு முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாமேன்னு தோணின விஷயங்களை எழுதறேன்.

இந்தப் பழக்கம் இங்கிலாந்துல தொடங்கினது. 1971-ல, லண்டன்ல செக்ரட்டரியா வேலை பார்த்த சூ காப்பர்ட் என்கிற பெண், நகரத்து ஆட்கள் வார இறுதியில பண்ணைக்குப் போய் உழைக்க ஒரு ஏற்பாடு செஞ்சாங்க. அதுதான் இன்னைக்கு ‘வூஃப்’ என்கிற பேர்ல இந்தியா உட்படப் பல நாடுகள்ல இருக்கு. கணக்கு சிம்பிள். நீங்க தினமும் நாலு முதல் ஆறு மணி நேரம் வேலை செய்யணும். அவங்க சாப்பாடும் தங்க இடமும் தருவாங்க. காசு கைமாறாது. ஆரோவில் பக்கத்துல 2003-ல தொடங்கின சாதனா ஃபாரஸ்ட்லயும் காடு வளர்க்கத் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கறாங்க. முதல்ல பாடமா கத்துக்கணும்னா, கடவூர்ல நம்மாழ்வார் தொடங்கின வானகம் இருக்கு.

ஒரு ஏமாற்றத்துக்குத் தயாரா இருங்க. ரீல்ஸ்ல பார்க்கிற பச்சை மே மாசத்துல இருக்காது. மானாவாரி நிலம் கோடை உழவு போட்டு, ஆடிப்பட்டத்துக்காகக் காய்ஞ்சு கிடக்கும். வேலை இருக்கிறது கிணத்துத் தண்ணி பாயற காய்கறிப் பாத்தியிலயும் உரக்குழியிலயும்தான். காலை ஆறுக்குத் தொடங்கினா, வெயில் ஏறுறதுக்குள்ள பத்தரைக்கு முடிச்சிடுவாங்க.

எனக்குக் கிடைச்ச முதல் வேலை, கத்தரிப் பாத்தியில களை எடுக்கிறது. பெரும்பாலும் கோரை. இழுத்தா சுலபமா வந்துடுச்சு. ரெண்டு நாள்ல ஆறு பாத்தி முடிச்சு, போட்டோ எடுத்து ஹாஸ்டல் குரூப்லயும் போட்டேன். ஆறாவது நாள் காலையில பார்த்தா, அதே பாத்தியில ஊசி ஊசியா பச்சை முளைச்சு நிக்குது.

பண்ணைக்கார ஐயா திட்டல. “நீங்க களை எடுக்கலை தம்பி, முடி வெட்டி விட்டிருக்கீங்க”ன்னு சொல்லிட்டு, களைக்கொத்தால ஒரு இடத்தைத் தோண்டிக் காட்டினார். கோரையோட உயிர் மேல இருக்கிற புல்லுல இல்லை. மண்ணுக்குள்ள சின்னச் சின்னக் கிழங்குகள், மெல்லிய தண்டால கோர்த்த மாதிரி போய்க்கிட்டே இருக்கு. மேல இழுத்தா புல்லு அறுந்து வரும், கிழங்கு மறுபடி முளைக்கும். தோண்டி, கிழங்கைப் பொறுக்கிக் கூடையில போட்டு வெளியே கொண்டு போகணும். அப்பவும் ஒரே தடவையில ஒழியாது. பயிர் வளர்ந்து நிழல் கட்டுற வரைக்கும் திரும்பத் திரும்ப எடுக்கணும்.

யோசிச்சுப் பாருங்க. மூணாவது நாளே அடுத்த ஊருக்குக் கிளம்பியிருந்தா, சூப்பரா வேலை செஞ்சோம்னு நினைச்சுட்டே போயிருப்பேன். ஆறு பாத்தியையும் வேற யாராவது மறுபடி எடுத்திருப்பாங்க.

இதை வீட்டு அக்காகிட்ட சொன்னப்போ சிரிச்சாங்க. “ஒரு ஆளுக்குக் கூட உலை வைக்கிறது எனக்குப் பெருசில்லை. வர்ற எல்லாருக்கும் முதல்ல இருந்து சொல்லிக் குடுக்கணும் பாருங்க, அதுதான் வேலை. கத்துக்கிட்டதும் கிளம்பிடறாங்க.” நம்ம ஆறு மணி நேரக் கணக்குல அவங்க அடுப்படி நேரம் எங்கயும் வரலைன்னு அப்பதான் உறைச்சது. அன்னைக்கு ராத்திரியில இருந்து பாத்திரம் என் பொறுப்பு. ஆம்பளைப் பசங்க முக்கியமா இதைக் கவனிங்க.

மூணாவது வாரம்தான் நான் ஓரளவு உருப்படி. ஜீவாமிர்தம் தனியாவே போட்டேன்: 200 லிட்டர் தண்ணி, பத்து கிலோ நாட்டு மாட்டுச் சாணம், அஞ்சு முதல் பத்து லிட்டர் கோமியம், ரெண்டு கிலோ வெல்லம், ரெண்டு கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண். நிழல்ல 48 மணி நேரம் வச்சு, தினமும் ரெண்டு வேளை கலக்கணும். ஒரு ஏக்கருக்கு இது போதும்னா, இதுல எவ்வளவு நைட்ரஜன் இருந்துடப் போகுதுன்னு நமக்கு டவுட் வரும். நியாயமான டவுட்தான். நேரடி உரம்னு பார்த்தா கொஞ்சம்தான். இது நுண்ணுயிர்களைப் பெருக்குற கல்ச்சர். வெல்லமும் மாவும் அதுங்களுக்குச் சாப்பாடு. மண்ணுல மட்கு இல்லாம இதை மட்டும் ஊத்திப் பலன் எதிர்பார்க்க முடியாது.

அப்போ ஊர் சுத்துறது? கடைசி அஞ்சு நாள் வச்சுக்கோங்க. நான் பஸ்லயே கோவில்பட்டி கரிசலும் தஞ்சாவூர் வண்டலும் பார்த்துட்டு வந்தேன். போற ஊர்ல எல்லாம் ஒரு பிடி மண் எடுத்து, ஒரு லிட்டர் பாட்டில்ல மூணுல ஒரு பங்கு போட்டு, தண்ணி ஊத்திக் குலுக்கி வைங்க. மணல் ஒரு நிமிஷத்துல அடியில உட்காரும். வண்டல் துகள் சில மணி நேரம் எடுக்கும். களி மறுநாளும் கலங்கலா மிதக்கும். லேப்ல ஹைட்ரோமீட்டர் வச்சுப் பார்த்த அதே ஸ்டோக்ஸ் விதிதான். கரிசல் பாட்டில் ரொம்ப நேரம் தெளியவே தெளியாது.

ஆனா மண்ணைக் காய்ஞ்சபடியே கவர்ல கட்டிக் கொண்டு வாங்க. தண்ணியை ஹாஸ்டல்ல ஊத்திக்கலாம். நான் ஆர்வக்கோளாறுல பஸ்லயே குலுக்கினேன். மூடி சரியா இல்லை. பக்கத்து சீட்டு அண்ணனோட வெள்ளை வேட்டியில கோவில்பட்டி மண் நல்லாவே ஒட்டுச்சு.