பாட்டை மூடும் இரைச்சல்

கேள்வி: வாப்பா வைத்திருந்த வால்வு ரேடியோகிராம் பல வருடமாக மூலையில் கிடந்தது. இசைத்தட்டுகளை அடுக்கி வைத்தால் ஒவ்வொன்றாகத் தானே விழுத்திப் பாடவைக்கும் கரார்ட் பிளேயர் அதில் இருக்கிறது. அண்மையில் போட்டுப் பார்த்தேன். பாட்டு வருகிறது, ஆனால் ‘ம்ம்ம்’ என்ற பெரும் இரைச்சல் அதை மூடிவிடுகிறது. வால்வுகளை எல்லாம் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
- வாசகர், கற்பிட்டி

பதில்: வால்வை இப்போதைக்குத் தொடாதீர்கள். அநேகமாகக் காசுதான் வீணாகும்.

சத்தத்தை முழுவதும் குறைத்தபோது இரைச்சலும் குறைந்ததா என்று எழுதவில்லையே! பாதி விடை அதில்தான் இருக்கிறது. குறையாவிட்டால் மின்சாரம் வரும் பக்கத்தைச் சந்தேகியுங்கள். வீட்டுக்கு வருவது 230 வோல்ட், வினாடிக்கு 50 சுற்று. ஈஇசட் 80 போன்ற ரெக்டிஃபையர் வால்வு அதன் இரு பாதியையும் ஒரே திசையில் திருப்பிவிட, வினாடிக்கு 100 துடிப்பு வெளியே வரும். அதை மட்டப்படுத்துவது அலுமினியக் குப்பி போல நிற்கும் பெரிய கண்டென்சர். பல வருடம் கரண்ட் காணாமல் கிடந்தால் அதன் உள்ஈரம் காய்ந்துபோகும். துடிப்பு அப்படியே ஸ்பீக்கருக்குப் போய்விடும். உங்கள் பெட்டியில் எனக்கு முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

பழையதன் அளவிலேயே, 450 வோல்ட் தாங்கும் புதியதைப் போடுங்கள். பெரிதாகப் போட்டால் இன்னும் அமைதியாகும் என்று 220 மைக்ரோஃபாரட்டை மாட்டுகிறவர்கள் உண்டு. ஈஇசட் 80க்கு அடுத்த முதல் கண்டென்சர் 50ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரெக்டிஃபையர்தான் பலியாகும்.

சத்தத்தோடு இரைச்சலும் ஏறி இறங்கினால் கதை வேறு. ரேடியோவுக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே இரைச்சல் இல்லையென்றால் குற்றம் பிளேயர் பக்கம். கடலுக்கும் களப்புக்கும் நடுவே இருக்கும் ஊரில் உப்புக்காற்று செம்பை விட்டுவைக்குமா? ஊசிக் கையிலிருந்து வரும் வயரின் வெளிவலையோ, பிளேயரைச் சேஸியோடு இணைக்கும் எர்த் வயரோ பச்சைக் களிம்பேறி விட்டுப்போயிருக்கும். சுரண்டிவிட்டு மறுபடி ஈயம் வையுங்கள்.

இன்னொன்று: ஈஎல் 84 வால்வுக்குள் தகடு சிவந்து தெரிந்தால் உடனே அணையுங்கள். அதற்கு முன்னால் இருக்கும் மெழுகுக் கண்டென்சர் கசிகிறது. விட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் எரியும்.

திறக்குமுன் பிளக்கைக் கழற்றி, வால்வுகளின் பெயரைப் படியுங்கள். ‘யூ’ என்று தொடங்கினால் சேஸியே நேரடியாக மின்சாரத்தோடு இணைந்திருக்கக்கூடும். அதை அனுபவமுள்ளவரிடம் விட்டுவிடுங்கள். ‘ஈ’ என்றாலும் கண்டென்சரில் 300 வோல்ட்வரை தங்கியிருக்கும். பத்து கிலோ-ஓம், சில வாட்ஸ் தாங்கும் ரெசிஸ்டர் ஒன்றால் அதை இறக்கி, மீட்டரால் பார்த்த பிறகே கை வையுங்கள்.

வேலை முடிந்து முதன்முறை போடும்போது, கரண்ட் வரும் வழியில் பழைய மாதிரி 60 வாட்ஸ் இழை பல்ப் ஒன்றைத் தொடராக மாட்டுங்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமலே நின்றால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. அணைத்துவிட்டு, எந்த வால்வுகள் உள்ளன என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.