லீக் வரலாறு 2015இல் தொடங்கவில்லை

தம்பி,

இந்தியக் கூடைப்பந்து லீக்குகளின் வரலாறு பற்றி நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். 24 விநாடிக்குள் ஷாட் எடுக்க வேண்டும் என்ற விதி பற்றிய பத்திக்காக உன்னைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம். 1950இல் அமெரிக்காவில் ஃபோர்ட் வெய்ன் அணி மினியாபொலிஸை 19-18 என்று வென்ற அந்த உப்புச்சப்பில்லாத ஆட்டம், நாலு வருஷம் கழித்து அணி முதலாளி டேனி பியாசோன் ஓர் ஆட்டத்தின் 2880 விநாடியை 120 ஷாட்டால் வகுத்த கணக்கு... ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாது. எங்கள் காலத்தில் இப்படி எழுத ஆள் இல்லை.

ஆனால், இந்தியாவில் கூடைப்பந்தைத் தொழிலாக ஆட ஆரம்பித்ததே 2015இல்தான் என்கிறாயே, அங்கே எனக்குக் கோபம் வந்துவிட்டது. யு.பி.ஏ. என்ற தொழில்முறை லீக் எட்டு அணிகளோடு வந்தது அப்போதுதான், சரி. அதற்கு முன் ஆடியவர்களுக்குச் சோறு போட்டது யார்? இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ரயில்வே, வருமான வரித்துறை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். ஆடுகிறவனுக்குக் கூலி எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் லீக் வரலாறு எழுதவே கூடாது. அமெரிக்காவில் 1946இல் பி.ஏ.ஏ. என்ற கூடைப்பந்து லீக்கைத் தொடங்கியவர்கள் ஐஸ் ஹாக்கி அரங்கங்களின் முதலாளிகள். ஹாக்கி இல்லாத இரவுகளில் அரங்கத்தை நிரப்ப அவர்களுக்கு ஓர் ஆட்டம் வேண்டியிருந்தது. நம்மிடம் அரங்கமும் இல்லை, டிக்கெட் வசூலும் இல்லை. வேலை கொடுக்கும் நிறுவனங்கள் இருந்தன.

அப்படி வேலை பார்த்துக்கொண்டே ஆடிய ஒருவரைச் சொல்கிறேன். கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் மாதங்களில் நம் தூத்துக்குடி சிமெண்ட் கோர்ட்டில் வெளியூர் அணிகள் திணறும். மேற்கு ரிங்கைப் பார்த்துத் தூரத்திலிருந்து எறிந்த பந்து காற்றில் நின்றுவிடும். உப்புக் காற்றில் ரிங் துருப்பிடித்துப் பொருக்கு உதிரும். வலை அறுந்தால் மீன்வலைத் துண்டைக் கட்டுவோம். கச்சான் அடித்த ஓர் இரவில் வங்கி அணியின் சென்டர் ஒருவர், முதல் பாதி முழுக்கத் தடுமாறிவிட்டு, பிறகு போர்டில் அடித்தே கூடையில் போட ஆரம்பித்தார். மறுநாள் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறி, விடிந்ததும் சென்னையில் கவுண்டரில் உட்கார வேண்டியவர். அவர் தொழில்முறை ஆட்டக்காரர் இல்லையா?

இன்னொன்று. யு.பி.ஏ. 2017இல் நின்றதற்கு ரசிகர்களைக் குறை சொல்கிறாய். இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2010இலேயே ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்தோடு 30 ஆண்டு ஒப்பந்தம் போட்டுவிட்டது. யு.பி.ஏ.வுக்குக் கூட்டமைப்பின் அங்கீகாரம் கிடைக்கவில்லை. வங்கி வேலையும் இந்திய அணிக் கனவும் உள்ள ஒரு பையன் அதில் இறங்க எவ்வளவு யோசித்திருப்பான்? ஒப்பந்தம் போட்டவர்களும் லீக்கைக் கொண்டுவரவில்லை. இதில் ரசிகன் செய்த குற்றம் என்ன?

வங்கி அணிகளில் ஆடியவர்கள் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். போய்ப் பார். அவர்களுடைய பழைய நியமன ஆணையைக் கேட்டு வாங்கிப் படி. அடுத்த கட்டுரையை அதிலிருந்து தொடங்கு.