பையனை விடு, வீட்டைப் பார்

அன்புள்ள கயல்,

டாக்டர் வளர்ச்சி அட்டவணையைக் காட்டி, ஏழு வயதுக்கு எடை கூடுதல் என்றதும் பயந்துபோய், நாளையிலிருந்து பையனுக்கு டயட் என்கிறாய். வேண்டாம்மா. வளர்கிற பிள்ளையைப் பட்டினி போடக் கூடாது. உயரம் ஏற ஏற எடை அதிகம் ஏறாமல் நின்றாலே பாதிக் காரியம் முடிந்தது. மாற வேண்டியது உங்கள் வீட்டுப் பழக்கம்.

அங்கன்வாடியில் வேலை பார்த்த காலமெல்லாம் நான் தேடியது மெலிந்த பிள்ளைகளைத்தான். சால்ட்டர் தராசில் தொங்கவிட்டு, முள் ஏறவில்லையென்றால் சத்துமாவு கொடுத்து அனுப்புவோம். நம் பெரியவர்களின் கண்ணும் அப்படியே பழகிவிட்டது. பிள்ளை மெலிந்தால் தாய்க்குப் பழி, பூசினாற்போல் இருந்தால் வீட்டுக்குப் பெருமை. சம்பந்தியம்மா “இன்னும் ஒரே ஒரு வாய்” என்று ஊட்டுவதும் அந்தப் பயத்தில்தான். ஆனால் அவன் தலையைத் திருப்பிய பிறகும் ஊட்டினால், போதும் என்று வயிறு சொல்வதைக் கேட்கும் பழக்கமே போய்விடும். என்ன சமைப்பது, எப்போது சாப்பிடுவது என்பது உன் பொறுப்பு. எவ்வளவு என்பதை அவனிடம் விட்டுவிடு.

போன முறை வந்தபோது பார்த்தேனே. தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்திருந்தான். கண் நகரவில்லை, தோசைத் துண்டு பக்கத்தில் வந்ததும் வாய் மட்டும் திறந்தது. நாலு தோசை போயிற்று. “என்ன சட்னிடா?” என்றேன், திருதிருவென விழித்தான். சாப்பாட்டு நேரத்தில் போன் வேண்டாம், அவன் அப்பாவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கோலா பாட்டிலை வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு ‘தொடாதே’ என்றால் ஆசைதான் கூடும், வாங்காதே. 300 மில்லியில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை. பிள்ளைகளுக்குச் சேர்க்கும் சர்க்கரை நாள் முழுவதற்குமே 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க இதயச் சங்கம். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இலேயே விதி போட்டது. உன் சமையலறைக்கு நீதான் ஆணையம்.

மாப்பிள்ளை இரவு பத்து மணிக்குப் பரோட்டா பார்சலைப் பிரித்தால் பையனும் கூடவே உட்கார்ந்துகொள்கிறான். காலை ஆறு மணிக்கு வேனுக்கு எழுப்புகிறாய். இந்த வயதுக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் பசி கூடும். ஓடியாடவும் தினம் ஒரு மணி நேரம் வேண்டும். உங்கள் பார்க்கிங்கில் ‘பந்து விளையாடக் கூடாது’ என்று போர்டு தொங்குகிறது. மாலையில் ஒரு மணி நேரமாவது பிள்ளைகளுக்கு விடச் சொல்லி, நாலு அம்மாக்களாகச் சேர்ந்து அபார்ட்மென்ட் சங்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

அவன் காதுபட யாரும் ‘குண்டு’ என்று கூப்பிட விடாதே, வேடிக்கைக்குக்கூட.

ஊட்டுகிற விஷயத்தைச் சம்பந்தியம்மாவிடம் நீ எடுக்காதே, வம்பாகும். மாப்பிள்ளை சொல்லட்டும். அதற்கும் மசியாவிட்டால் எனக்குப் போன் போடு. எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே வயசு, நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அத்தை