பலர் கூடி வளர்த்த தோட்டம்

பசித்தவர் எவராயினும் குலம் கோத்திரம் வினவாது அன்னமிட வேண்டும் என்னும் சங்கல்பத்தோடு இராமலிங்க அடிகளார் 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியபோது, அதற்குரிய 80 காணி நிலத்தை மனமுவந்து அளித்தவர்கள் பார்வதிபுரத்துக் குடிமக்களே. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது எரிவதைப் போற்றும் நாம், அதற்கு ஆதாரமாக நின்ற அந்தப் பொதுநில தானத்தை அவ்வளவாக நினைப்பதில்லை. எங்கள் தெருவார் கூடி, முள்மண்டிக் கிடந்த மனையொன்றை உரியவரின் சம்மதத்தோடு பொதுத் தோட்டமாக்க முனைந்தபோது எனக்கு உற்சாகம் தந்தது இந்த வரலாறுதான்.

இப்பகுதியின் செம்மண்ணில் முந்திரியும் பலாவும் தழைப்பதுபோலக் கீரையும் கத்தரியும் எளிதில் தழைப்பதில்லை. ஊற்றிய நீர் விரைந்து இறங்கிவிடுவதோடு, மண்ணின் சத்தையும் உடன்கொண்டு போய்விடுகிறது. இதற்கு நாங்கள் கண்ட பரிகாரம், காய்கறி விதைக்கு முன்பாகச் சணப்பையோ தக்கைப்பூண்டையோ நெருக்கமாக விதைத்து, ஏறத்தாழ 45 நாளில் பூவெடுக்கும் தருணத்தில், தண்டு முற்றிவிடாமல், மண்ணோடு மடக்கிவிடுவதேயாகும். அதன் வேர்முடிச்சுகள் காற்றிலிருந்து கவர்ந்த தழைச்சத்து மண்ணுக்குச் சேர்கிறது; இளந்தண்டு விரைவில் மட்குகிறது. அதன்மேல் மட்கிய எருவும், பாத்தியின் மீது சருகு மூடாக்கும் இட்டால் ஈரம் நிற்கும். எரு விஷயத்திலேதான் கூட்டு முயற்சியின் பலனை நான் பிரத்தியட்சமாகக் கண்டேன்: ஒரு வீட்டின் காய்கறித் தோலும் வாழைச் சருகும் ஒரு கூடைக்குப் போதாது, தெருவே சேர்ந்து கொட்டினாலோ குழி நிறைந்துவிடும்.

மழையைக் குறித்து இரண்டொரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆடிப்பட்டத்தில் இட்ட அவரையும் புடலும் பந்தலேறி நிற்கும் காலத்தில்தான் ஐப்பசி, கார்த்திகை அடைமழை கடலூர்ச் சீமையைத் தாக்குகிறது. ஆதலால் பாத்தியை மேடாக்கி, வடிகாலை முன்னதாகவே வெட்டிவைப்பது அவசியம். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் வீசிய தானே புயலில் பல தலைமுறை கண்ட முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்ததை இவ்வட்டாரத்தார் எவரும் மறக்க இயலாது. மரம் மீண்டும் பலன் தர ஆண்டுகள் ஆகும். சிறுகீரையோ ஒரு மாதத்திற்குள் இலைக்குச் சோறோடு வந்துவிடும். பேரிடர் வரக்கூடிய ஊரில் விரைந்து விளையும் பொதுத் தோட்டம் ஒன்று இருப்பது விவேகம் என்று நான் கருதுவதற்குக் காரணம் இதுவே.

அடிகளார் பெரிதும் சிலாகித்த கரிசலாங்கண்ணியை நீர் தங்கும் ஓரத்திலும், தூதுவளையை வேலியிலும் வளர்த்தோம். பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசலே போதுமாயிருந்தது.

உழைப்பைக் காட்டிலும் பங்கீடுதான் இத்தகைய தோட்டங்களின் ஆயுளை நிர்ணயிக்கிறது. விளைந்த பின் பேசுவோம் என்று விட்டுவிடாமல், விதைக்கும் முன்பே யார் எந்தக் கிழமை நீர் விடுவது, விளைச்சலை எவ்வாறு பகிர்வது என்பவற்றைத் தெருவார் அனைவர் முன்னிலையிலும் தீர்மானித்தோம். வேலை அவரவர் சக்திக்கேற்ப; பங்கோ எல்லா வீட்டுக்கும் சமம். குனிந்து களைகொத்த இயலாத முதியவர்கள் விதையைத் தெரிந்தெடுத்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து காப்பாற்றித் தந்தார்கள். அவர்கள் பங்கை ஒருவரும் குறைவாக எண்ணியதில்லை. நெய்வேலிச் சுரங்கத்தில் வேலையேற்று வெவ்வேறு ஜில்லாக்களிலிருந்து வந்து, பக்கத்து வீட்டார் பெயரையும் அறியாதிருந்த குடும்பங்கள், இன்று ஒரு வீட்டில் நோய் என்றால் மற்றவர் அடுப்பில் சமைத்து அனுப்பும் அளவுக்கு நெருங்கியிருக்கின்றன. தோட்டத்தின் ஆகச் சிறந்த விளைச்சல் என்று நான் இதையே சொல்வேன்.

உங்கள் தெருவிலும் வெறும் மனை ஒன்று கிடக்குமானால், உரியவரிடம் இப்போதே பேசுங்கள். சித்திரையின் கோடைமழை பெய்து ஓய்ந்ததும் நாலைந்து வீட்டாராகச் சேர்ந்து சணப்பை விதைத்துவிடுங்கள், ஆடிக்குள் மண் ஆயத்தமாகிவிடும்.