செங்குத்தாக வெட்டும் ஃபில்டர் உண்டா?

கேள்வி: ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலியை மட்டும் விட்டு, மற்றதைச் சட்டென வெட்டும் ஃபில்டரைச் செய்ய முடியாதா?
– ஒரு வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: முடியாது. எத்தனை காயில், கெபாசிட்டர் சேர்த்தாலும் செங்குத்து விளிம்பு வராது. அதை நெருங்கும் கணிதச் சார்பைத்தான் பொறியாளர்கள் தேடுகிறார்கள்.

1930இல் பிரிட்டனின் ஸ்டீபன் பட்டர்வொர்த் காட்டிய வழியில், ஃபில்டர் கடத்தும் அதிர்வெண் பகுதி மேடுபள்ளமின்றி இருக்கும். காயில், கெபாசிட்டர் மொத்தம் மூன்று கொண்ட மூன்றாம் படிச் சுற்றில், வெட்டும் எல்லையை வெகுவாகத் தாண்டியபின் அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் வீச்சு ஏறத்தாழ எட்டில் ஒன்றாகச் சுருங்கும்.

செபிஷேவ் ஃபில்டரோ கடத்தும் பகுதியில் சிறு அலைவை அனுமதித்து, அதே எண்ணிக்கை உறுப்புகளால் இன்னும் வேகமாக வெட்டும். இதன் கணிதம் பிறந்தது நீராவி எஞ்சினில். 1850களில் அதன் இணைப்புத் தண்டுகளின் பிழையைக் குறைக்க முயன்றபோது ரஷ்யக் கணிதர் செபிஷேவ் உருவாக்கியது அது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் குன்னூர் ஏறத் தொடங்கிய 1899க்கும் முந்தைய கதை.

இசைக்குப் பட்டர்வொர்த், நெருங்கிய அலைவரிசைகளைப் பிரிக்கச் செபிஷேவ் என்பதே வழக்கமான தேர்வு.